கலயமா, வாளியா, கண்ணாடியா: பீர் நொதிக்க எந்தப் பாத்திரம்?

பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். மரம் ஒன்றுதான், பாளை ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான். மாறியது கலயத்தின் உள்சுவர் மட்டும். நொதித்தலில் பாத்திரம் என்பது சும்மா பிடித்து வைக்கிற சாமான் இல்லை, அதுவும் ஒரு கை போடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

போன மாதம் அக்கா மகன் இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸிலிருந்து கூப்பிட்டான். "மாமா, இங்க வீட்லயே பீர் போடலாம்னு இருக்கேன். கடையில மூணு விதமான பாத்திரம் வச்சிருக்கான். எது வாங்கறதுன்னு தெரியல, நீங்க சொல்லுங்க." கூடவே வாட்ஸாப்பில் மூன்று போட்டோ. ஒன்று மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் வாளி. இன்னொன்று கழுத்து குறுகிய பெரிய கண்ணாடிக் குடுவை. மூன்றாவது அடிப்பாகம் புனல் மாதிரி கூம்பிய பளபள எவர்சில்வர் டேங்க்.

நான் வாழ்க்கையில் ஒரு முறைகூட பீர் போட்டதில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனி லேபில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அங்கே எங்கள் வேலையே மாங்கூழ் புளிக்காமல் பார்த்துக்கொள்வது. புளிக்கவே கூடாது என்று இத்தனை வருடம் காவல் காத்தவனுக்கு, எது எப்படிப் புளிக்கும் என்று தெரியாமல் போகுமா? அந்தத் தைரியத்தில்தான் அவனுக்குச் சொன்னேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சங்கதி. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் போடுவது குற்றம். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்ததே நம் பக்கம்தான்: 1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டம். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். கொண்டுவந்த ராஜாஜி ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். பிரிட்டனில் கதை வேறு. 1963-லிருந்து சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் போட அங்கே உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. ஆகவே இந்தக் கட்டுரை மருமகனைப் போல அனுமதி உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு. உள்ளூரில் இருப்பவர்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்காகப் படிக்கலாம். கூழுக்கும் இட்லி மாவுக்கும் இதே கணக்கு உதவும்.

சரி, பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது? முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரைச் சத்தை இறக்குகிறார்கள். அந்தச் சாற்றில் ஹாப் என்கிற கொடியின் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடி வைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. கிட்டத்தட்ட சரிபாதி எடை இது, சரிபாதி எடை அது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கொதித்து முடித்த சாற்றில் கிருமி எல்லாம் செத்திருக்கும். அப்படிப்பட்ட சாறு ஆறிய பிறகு முதன்முதலில் தொடுகிற கொதிக்காத பொருள் இந்தப் பாத்திரம்தான். இதற்குப் பிறகு அடுப்பு கிடையாது. பாத்திரத்தில் என்ன ஒட்டியிருக்கிறதோ அது ஈஸ்டுக்கு முன்னால் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிடும். பாத்திரத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் வாயுக் கணக்கைப் பார்ப்போம். வீட்டில் பீர் போட பிரிட்டனில் விற்கும் கிட்டுகள் பெரும்பாலும் 23 லிட்டர் பீருக்கானவை. அது 4 சதவீதம் ஆல்கஹால் உள்ள பீராக மாறுவதற்குள் 350 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியே வரும். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அத்தனையும் ஒரு வாளிக்குள்ளிருந்து வரவேண்டும். இறுக்கி மூடினால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஜூன் மாதம், பெங்களூரா மாம்பழ சீசன் உச்சத்தில், சூடுபடுத்தாத கூழ் சாம்பிள் 5 லிட்டர் கேனில் லேப் மூலையில் மறந்துபோய் நின்றுவிட்டது. மறக்கும் முன் மூடியை முழுத் திருகாகத் திருகியவன் நான்தான். சனிக்கிழமை மதியத்திலிருந்து திங்கள் காலைவரை யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கதவைத் திறந்தபோது கேன் பலாப்பழம் மாதிரி உப்பி நின்றது. பக்கத்தில் போய்த் தொடலாமா என்று யோசிப்பதற்குள் மூடி பிய்த்துக்கொண்டு போனது. மேற்கூரையில் அடித்த மஞ்சள் கறை அடுத்த பெயிண்ட் அடிக்கும்வரை அப்படியே இருந்தது.

வாயு வெளியே போக வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதற்குத்தான் மூடியில் ஏர்லாக் என்று ஒரு சின்னக் குழாய் செருகுகிறார்கள். வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளிருந்து வரும் வாயு தண்ணீரைத் தள்ளிக் குமிழாக வெளியேறும், வெளியே இருக்கும் காற்றும் கொசுவும் தண்ணீரைத் தாண்டி உள்ளே போக முடியாது. எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிறோமே, அந்த யோசனைதான்.

இதில் புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவை பதறுகிறார்கள். மருமகனும் பதறினான். "மாமா, ரெண்டு நாளா ஒரு குமிழ்கூட வரலைங்க. கெட்டுப்போச்சா?" மூடியை மெதுவாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே நுரை கட்டி ஜோராக வேலை நடந்துகொண்டிருந்தது. வாளி மூடியின் ரப்பர் வளையம் ஓரிடத்தில் சரியாக உட்காரவில்லை, வாயு அந்தச் சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். உள்ளிருந்து வாயு தள்ளிக்கொண்டே இருக்கும்வரை அந்தச் சந்தால் பெரிய கெடுதல் இல்லை. குமிழ் நின்றால் நொதித்தல் முடிந்தது என்றும் அர்த்தமில்லை. அதைச் சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாங்கள் மாங்கூழுக்குப் பயன்படுத்துகிற, ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் இங்கே ஏமாற்றும். ஆல்கஹால் கலந்த பிறகு அது சர்க்கரையைக் கூட்டிக் காட்டும்.

அடுத்தது அளவு. ராத்திரி பாத்திரம் நிறைய இட்லி மாவு ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் மேடை முழுக்கத் துடைத்த அனுபவம் இல்லாத வீடு உண்டா? பீரும் அப்படியே. முதல் இரண்டு மூன்று நாள் பழுப்பு நுரை ஒரு சாண் உயரத்துக்கும் எழும்பலாம். நுரை ஏறி ஏர்லாக்கை அடைத்துவிட்டால் வாயு போக வழியில்லாமல் மூடி தூக்கி எறியும். அதனால் 23 லிட்டருக்கு 25 லிட்டர் வாளி வாங்காதே, 30 லிட்டர் வாங்கு என்றேன். நாலில் ஒரு பங்கு வெறும் இடம் இருக்கட்டும். அதற்காக 60 லிட்டர் டிரம் வாங்குவதும் சரியில்லை. நொதித்தல் ஓய்ந்த பிறகு அந்த வெற்றிடத்தில் காற்று புகுந்தால் பீர் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி சவசவ என்று ஆகிவிடும்.

இனிமேல்தான் விஷயத்தின் உயிர்நாடி. அதற்கு நம் வீட்டு மண்பானைக்கு வர வேண்டும்.

கேழ்வரகு மாவைக் கரைத்து மண்பானையில் வைத்தால் மறுநாள் கூழ் காய்ச்சுவதற்கு ஏற்ற பதத்தில் புளித்திருக்கும். புதுப் பானை வாங்கிய வாரம் அப்படிப் புளிக்காது. பழகிய பானையில்தான் சீக்கிரம் புளிக்கும். அம்மா இதைப் "பானை பழகணும்" என்பாள். மண்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். நேற்றுப் புளித்த கரைசலின் பாக்டீரியாவும் ஈஸ்டும் அந்தத் துளைகளில் தங்கிவிடுகின்றன. இன்று கரைசலை ஊற்றியதும் எழுந்து வேலையைத் தொடங்குகின்றன. கள் கலயமும் அப்படித்தான், நேற்றைய கள்ளின் மிச்சம் இன்றைய பாளைச் சாற்றைச் சொட்டும்போதே புளிக்க வைக்கிறது. பானைக்கு ஞாபகம் இருக்கிறது. கூழுக்கு அந்த ஞாபகம் வேண்டும்.

பீருக்கு வேண்டாம். பீரில் ஒரே ஒரு வகை ஈஸ்ட் மட்டும் வேலை செய்ய வேண்டும். அதை ஆய்வுக்கூடத்தில் தனியே பிரித்து வளர்க்கும் முறையை 1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் கண்டுபிடித்தார். அங்கே பீர் அடிக்கடி கெட்டுப்போய்க்கொண்டிருந்தது, காரணத்தைத் தேடியபோது நல்ல ஈஸ்டோடு காட்டு ஈஸ்டும் கலந்திருந்தது தெரிந்தது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஜெர்மன் மதுவடிப்பவர்கள் மரப்பீப்பாயின் உட்புறம் பிசின் உருக்கிப் பூசி வந்தார்கள். மரத்தின் துளைகளை அடைத்து, அதன் ஞாபகத்தை அழிக்கிற வேலைதான் அது. இதற்கு நேர்மாறாக பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒரு புளிப்பு பீர் உண்டு. அதற்குப் பழைய மரப்பீப்பாய்தான் வேண்டும். பீப்பாயில் குடியிருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும்தான் அதற்கு ருசி தருகின்றன. நம் கூழ்ப்பானையின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, முதல் தடவை பீர் போடுகிறவர் பாத்திரக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதற்கு ஞாபகம் இருக்குமா? கழுவினால் எல்லாவற்றையும் மறக்குமா?

அந்தக் கேள்வியோடு பிளாஸ்டிக் வாளியைப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது அது நன்றாகவே மறக்கும். விலை குறைவு, எடை குறைவு, வாய் அகலம், கையை உள்ளே விட்டு அடிவரை கழுவலாம். ஒரே பலவீனம் கீறல். மருமகனின் முதல் பீர் நன்றாக வந்தது. இரண்டாவதில் லேசான புளிப்பு, மேலே மெல்லிய ஆடை. விசாரித்தால், அறையில் கூட இருக்கும் பையன் உதவி செய்கிறேன் என்று பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் வாளியைத் தேய்த்திருக்கிறான். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை வாளியின் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். லேபில் டிரம்முகளை நாங்கள் இப்படித்தான் பார்ப்போம். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த சுவர், சாய்ந்த வெளிச்சத்தில் உழுத கொல்லை மாதிரி கோடுகோடாகத் தெரிந்தது. நகத்தை ஓட்டினால் தட்டியது. அந்தக் கோட்டுக்குள் கிருமிநீக்கி போய்ச் சேராது, லாக்டோபேசில்லஸ் மாதிரி பாக்டீரியா அங்கே சொகுசாகக் குடியிருக்கும். தயிர் உறைய வைக்கிற குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் பீரில் அது அழையா விருந்தாளி. அந்த வாளி இப்போது துணி ஊறவைக்கப் பயன்படுகிறது.

அதனால் வாளி என்றால் மெல்லிய துணி அல்லது ஸ்பாஞ்சு மட்டும். காய்ந்த அழுக்கைத் தேய்க்காமல் வெந்நீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். அழுக்கின் மேல் கிருமிநீக்கியை ஊற்றுவது குளிக்காமல் சென்ட் அடிப்பதைப் போலத்தான். முதலில் கழுவி அலசி, அப்புறம்தான் கிருமிநீக்கி.

வாளி எந்த பிளாஸ்டிக் என்பதும் முக்கியம். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது எச்.டி.பி.இ. பீர் வாளிகள் பெரும்பாலும் அதுதான். ஆனால் 2 என்ற எண் மட்டும் போதாது, உணவுக்கு உகந்தது என்று தனியே குறிப்பிட்டிருக்க வேண்டும். நம் ஊரில் 20 லிட்டர் பெயிண்ட் டப்பா இல்லாத வீடே கிடையாது. குளிக்க, செடிக்கு ஊற்ற, மாட்டுக்குத் தண்ணி காட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். சாப்பிடுகிற எதையும் அதில் புளிக்க வைக்காதீர்கள், கூழாக இருந்தாலும் சரி. புளிப்பும் ஆல்கஹாலும் பிளாஸ்டிக்கில் ஊறியதை வெளியே இழுக்கும்.

கண்ணாடிக் குடுவையில் கீறல் விழாது, காற்று ஊடுருவாது, எந்த வாடையும் ஒட்டாது. ஞாபகமே இல்லாத பாத்திரம் என்றால் அதுதான். உள்ளே நுரை எழும்பி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், மருமகன் மனதும் அதில்தான் இருந்தது. ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். 23 லிட்டர் சாற்றோடு சேர்த்தால் குடுவை 30 கிலோ வரும். ஈரக் கை, வழுக்கும் கழுத்து, மாடிப்படி. கைநழுவினால் பீர் போவது மட்டும் இல்லை, காலோ கையோ கிழிந்து தையல் போடுகிற அளவுக்குப் போகும். ஆறாத சாற்றை ஊற்றினால் அடி விரிசல் விடும், ஏனென்றால் இது லேபில் சூடு தாங்குகிற போரோசிலிகேட் கண்ணாடி அல்ல. கழுத்து குறுகல், கை போகாது, வளைந்த பிரஷ்ஷை விட்டுத் துழாவ வேண்டும். வெளிச்சமும் ஒரு தொல்லை. ஹாப்பின் கசப்புப் பொருள் வெயில் பட்டால் உடைந்து துர்நாற்றமாக மாறும். கண்ணாடிக்குப் போர்வை போர்த்த வேண்டும், போர்த்திவிட்டால் பிறகு எதைப் பார்ப்பது? மாதக்கணக்கில் ஊறவிடுகிற வகைகளுக்குக் கண்ணாடி நல்லது. இரண்டு வாரத்தில் முடிகிற சாதாரண பீருக்கு வாளியின் சுவர் வழியாக நுழையும் காற்று ஒரு பொருட்டே இல்லை.

எவர்சில்வர் டேங்க் பற்றி எனக்குக் குறை எதுவும் கிடையாது, பணத்தைத் தவிர. எங்கள் ஆலையில் கூழ் தொடுகிற இடமெல்லாம் 304 ஸ்டீல்தான். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கூம்பு அடியில் படியும் ஈஸ்ட் சேரும், குழாயைத் திறந்து வடித்துவிடலாம். பிளீச்சிங் கலந்த நீரை மட்டும் அதில் ஊறவிடக் கூடாது, குளோரின் ஸ்டீலில் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். பாத்திரக்கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டல பாருங்க, நல்ல எவர்சில்வர்" என்பார்கள். மட்டமான 200 வரிசை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. இது பீருக்கு மட்டும் சொல்லவில்லை, குழம்புச் சட்டிக்கும்தான். ஐந்தாறு முறை பீர் போட்டு, இது நமக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு டேங்க் வாங்கலாம்.

அலுமினியம், பித்தளை, செம்பு மூன்றும் வேண்டாம். பீர் புளிப்புத்தன்மை உள்ளது, இரண்டு வாரம் நிற்கும்போது உலோகத்தைக் கரைக்கும். புளிக்குழம்பைப் பித்தளையில் வைக்காதே என்று பாட்டி சொல்வதும் இதே காரணத்தால்தான். பீங்கான் ஜாடியின் மேல்பூச்சில் ஈயம் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் தவிர அதுவும் வேண்டாம்.

அடியில் குழாய் வைத்த வாளி பார்க்கச் சௌகரியம். வாங்கினால் ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றி, வாஷரைத் தனியே எடுத்துக் கழுவ வேண்டும். சோம்பலாக இருந்தால் குழாய் இல்லாத வாளியும், மேலிருந்து பீரை இழுத்து இறக்கும் ஒரு சைஃபன் டியூபும் மேல். நான் அதைத்தான் சொன்னேன், அவன் குழாய் வைத்ததை வாங்கினான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகன் ஒருநாள் என்னை மடக்கினான். "மாமா, இங்க பக்கத்துல டாட்காஸ்டர்னு ஒரு ஊர். அங்க கல்லுத் தொட்டியிலதான் பீர் போடறாங்க, தெரியுமா?" உண்மைதான். யார்க்ஷர் சதுரம் என்று பெயர், பலகைக்கல்லை இழைத்துச் செய்த சதுரத் தொட்டி. கிருஷ்ணகிரிக்காரனிடம் கல்லைப் பற்றிப் பேசுகிறான்! நம் பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டும் கல்தொட்டி ஞாபகம் வந்தது எனக்கு. ஆனால் இழைத்த பலகைக்கல் மண்பானை மாதிரி உறிஞ்சாது. அதோடு அவர்கள் வாரம் தவறாமல் அதே ஈஸ்டைப் போட்டு வேலை செய்கிறவர்கள், கெட்டியான நுரையே மேலே மூடி மாதிரி நின்று காக்கும். எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பீர் போடுகிறவனுக்கு அது ஒத்துவராது.

வெப்பத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏல் என்கிற பீர் வகைக்கான ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை நல்லது. நொதிக்கும்போது சாறு தானாகச் சூடாகும், அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். வாளியை அகலமான தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தினால் ஏற்ற இறக்கம் தணியும். லீட்ஸில் அவனுக்குக் குளிர்தான் கவலை. நம் ஊர் சித்திரை வெயிலில் ஈஸ்ட் வேகமாக ஓடி, காரமான சுவை தரும் கனமான ஆல்கஹால்களைச் செய்து வைத்துவிடும்.

இப்போது புது 30 லிட்டர் வாளியில் மூன்றாவது பீர் நிற்கிறது. நேற்று ராத்திரி மறுபடி போன். அக்கா இங்கிருந்து ஆவக்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள், நிறைய.

"மாமா, பீரை பாட்டில்ல அடைச்ச பிறகு வாளி சும்மாதானே இருக்கும். ஊறுகாயை அதுல போட்டு வைக்கட்டுங்களா?"

"வேண்டாம் மாப்ளே. நல்லெண்ணெயும் பெருங்காயமும் ஒருக்கா ஏறுச்சுன்னா அந்த வாளியை விட்டுப் போகாது. தனியா ஒரு ஜாடி வாங்கு."

"வாங்கிட்டு வாளி மேல மார்க்கர்ல 'பீர்'னு எழுதிடறேன்."

"தமிழ்ல எழுது. அந்தப் பச்சை நார் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்தானே?"